டிக்கெட் எல்லாம் முடிந்தது, ஆனாலும் பிராடக்ட் ஓனர் முகம் கொடுக்கவில்லை

கேள்வி: அக்கா, எனக்கு வயது 31. சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் சின்ன கம்பெனியில் டீம் லீட். செம்பனைத் தோட்டங்களுக்கு அறுவடைக் கணக்கு எடுக்கும் செயலி செய்கிறோம். மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) கைப்பேசியில் குலைக் கணக்கைப் போடுவார், அது தோட்ட ஆபீசுக்குப் போய் மாதக் கடைசியில் சம்பளக் கணக்காக மாறும். டீமில் ஏழு பேர், இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட், அதாவது ஒரு சுற்று வேலை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்கெட், வேலையின் அளவுக்கு ஏற்பப் பாயிண்ட். சொன்ன பாயிண்டை எந்த ஸ்பிரிண்டிலும் முடிக்காமல் விட்டதில்லை. எங்கள் பிராடக்ட் ஓனர் (எந்த வேலை முதலில் என்று முடிவு செய்பவர்) முன்பு தோட்டத்தில் பெரிய கிராணியாக (தலைமை எழுத்தராக) இருந்தவர், கோட் தெரியாது. ஸ்பிரிண்ட் கடைசியில் செய்ததைக் காட்டும் ரிவியூ முடிந்ததும் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். போன மாதம் எங்கள் மேனேஜரிடம், "பிள்ளைங்க நல்லா வேலை செய்யுதுங்க, லீட்தான் பத்தல" என்று சொன்னாராம். அஜைல் (சின்னச் சின்னச் சுற்றுகளாக மென்பொருள் செய்யும் முறை) புரியாத ஒருவரிடம் எப்படி நல்ல பேர் வாங்குவது? உங்களைப் போன்ற பிராடக்ட் ஓனர்கள் லீடிடம் என்னதான் எதிர்பார்க்கிறீர்கள்? அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரம் முறையை நடத்தும் ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழ் எடுத்தால் மதிப்பு கூடுமா? கடைசி ரிவியூவில் காட்டிய ஸ்லைடுகளை இணைத்திருக்கிறேன்.

பதில்:

தம்பி, ஸ்லைடுகளை அனுப்பியது நல்லதாகப் போச்சு. கடிதத்தை மட்டும் படித்திருந்தால் அவரோடு மனம்விட்டுப் பேசுங்கள் என்று பொதுவாக நாலு வரி எழுதி அனுப்பியிருப்பேன். ஸ்லைடைப் பார்த்த பிறகு எனக்கு அவர் பக்கம்தான் கொஞ்சம் சாயத் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் ஸ்லைடில் 34 பாயிண்ட் திட்டமிட்டோம், 34 முடித்தோம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அடுத்தது ஸ்பிரிண்டுக்கு எத்தனை பாயிண்ட் முடித்தீர்கள் என்று காட்டும் வெலாசிட்டி கிராஃப். அடுத்தது டார்க் மோட், அப்புறம் முகப்புப் பக்கத்துக்குப் புது வண்ணம். ஆறாவது ஸ்லைடின் அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவுக்கு ஒரு வரி: "இரட்டைப் பதிவு, தெரிந்த பிரச்சினை, அடுத்த ஸ்பிரிண்டுக்கு மாற்றப்பட்டது (மூன்றாவது முறை)." அவர் "சரி" என்று எழுந்து போனதற்குக் காரணம் அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த வரி அவருக்கு எப்படிப் படும் என்று யோசித்துப் பாருங்கள். மண்டோர் பள்ளத்தில் நிற்கிறார், லைன் இல்லை. 62 குலை என்று போட்டு அனுப்பு பட்டனை அழுத்துகிறார், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, போகவில்லை போல என்று இன்னொரு தடவை அழுத்துகிறார், மேட்டுக்கு வந்து லைன் கிடைத்ததும் இரண்டுமே போய்ச் சேருகிறது. ஆபீஸ் கணக்கில் அந்த ஆள் அன்றைக்கு 124 குலை வெட்டியிருக்கிறார். அறுவடைக் கூலியை இந்தக் குலை எண்ணிக்கையிலிருந்துதான், சராசரி எடையால் பெருக்கி, டன் கணக்கில் போடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ஆக, மாதக் கடைசியில் ஆலையின் எடைச் சீட்டும் செயலியின் கணக்கும் ஒத்துவராது, கிராணி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கையால் அழிக்க வேண்டும், எது நிஜம் எது இரட்டிப்பு என்று மண்டோருக்கு போன் போட்டுக் கேட்க வேண்டும். மலேசிய வேலைவாய்ப்புச் சட்டம் 1955-இன்படி சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும், ஏழாம் தேதி யாருக்காகவும் நிற்காது. கணக்கில் பிசகு வந்தால் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும் ஆளுக்கு வெலாசிட்டி கிராஃபைக் காட்ட முடியுமா? அந்த மேசைக்குப் பின்னால் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பதில் சொன்ன மனிதர் உங்கள் பிராடக்ட் ஓனர். இப்போதும் இரட்டிப்பு வந்தால் தோட்டத்துக் கிராணிகள் அவருக்குத்தான் போன் போடுவார்கள், உங்களுக்கு இல்லை.

அவருக்கு அஜைல் புரியவில்லை என்கிறீர்கள். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையின் கொள்கைகளில் ஒன்று, ஓடுகிற மென்பொருள்தான் முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோல் என்கிறது. ஸ்க்ரம் வழிகாட்டியை 2020 பதிப்பில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தேடினாலும் ஸ்டோரி பாயிண்ட் என்றோ வெலாசிட்டி என்றோ ஒரு சொல் கிடைக்காது. பாயிண்ட் உங்கள் டீம் தனக்குள் வேலையை மதிப்பிட வைத்திருக்கும் கணக்கு, அதுவரைக்கும் நல்லது. அதை எடுத்துப் போய் அவர் முன்னால் மார்க் ஷீட் மாதிரி நீட்டினால் அவர் என்ன செய்வார், பாவம்.

சரி, பிராடக்ட் ஓனர்கள் என்ன எதிர்பார்க்கிறோம் என்று கேட்டீர்கள். இந்த வேலையில் பல வருஷமாக இருக்கிறேன், சம்பள மென்பொருள்தான் என் பக்கம், அதனால் என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். ஒரு லீடிடம் எனக்கு முதலில் வேண்டியது, நான் முடிவெடுக்கத் தேவையான செய்தி முடிவெடுக்க இன்னும் நேரம் இருக்கும்போதே வந்து சேர வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்வதுதான் எங்கள் வேலை, அதற்குப் பதில் சொல்ல வேண்டியதும் ஒரே ஆள்தான், கமிட்டி கிடையாது. தேவையான செய்தி லீடிடம் இருக்கிறது, முடிவு எங்களிடம் இருக்கிறது, இடையில் இருக்கும் அந்தத் தூரத்தைச் சுருக்கித் தருகிறவரைத்தான் நல்ல லீட் என்று சொல்வோம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளிக்கு 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி ஏறியது ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தைய அக்டோபரில் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள். கூலிக் கணக்கில் வேலை செய்கிறவர்களுக்கும் மாதத்தில் அந்தத் தொகைக்குக் குறையக் கூடாது என்பதால் எங்கள் மென்பொருளில் சேர்த்துக் கொடுக்கும் கணக்கை மாற்ற வேண்டியிருந்தது. பார்த்தால் ஒரு எண்ணை மாற்றுகிற வேலை, ஒருவர் 1,620 வெள்ளி சம்பாதித்திருந்தால் 80 வெள்ளி சேர வேண்டும், அவ்வளவுதானே என்று மேலிடத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் டீம் லீட் ஒரு தங்கச்சி, டிசம்பர் ஆரம்பத்திலேயே போன் போட்டார். "அக்கா, எண்ணை மாத்துறது அரை நாள் வேலை. ஆனா வேலைக்கு வராத நாளை எப்படிக் கழிக்கிறதுன்னு எங்ககிட்ட பதில் இல்ல, அதை நாங்க முடிவு பண்ணவும் கூடாது. பழைய கோட்ல அது நாலு இடத்துல நாலு விதமா இருக்கு. நாலையும் ஒண்ணாக்கணும்னா புது சம்பளச் சீட்டு வடிவம் பிப்ரவரிக்கு வராது. சீட்டு வேணும்னா, ஒண்ணாக்காம மேல ஒட்டுப்போட்டுத் தரலாம், ஆனா அடுத்த தடவை மாத்தும்போது இதே பாடுதான். எது வேணும்னு பொங்கலுக்கு முன்னாடி சொல்லிடுங்க, அதுக்கப்புறம் தைப்பூசத்துக்கு ஈப்போவுக்கும் பத்துமலைக்கும் பாதிப் பேர் லீவு."

அந்த ஒரு போனில் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள். முடியாது என்று சொல்லவில்லை, முடியும் என்று சும்மா தலையாட்டவும் இல்லை. எது அவர்கள் தீர்க்க வேண்டியது, எது நான் போய்க் கேட்டு வர வேண்டியது என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். இரண்டு வழி, இரண்டுக்கும் என்ன விலை. எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், ஏன். கடைசியில் லீவுக் கணக்கு, அதைச் சொல்ல நிறைய லீடுகள் கூச்சப்படுகிறார்கள், காவடி எடுக்கிறவன் விரதத்தோடு ராத்திரி பத்து மணி வரை கோட் எழுதுவான் என்று திட்டத்தில் எழுதிவைத்துவிட்டு அப்புறம் முழிக்கிறார்கள். நான் சம்பளச் சீட்டைத் தள்ளிவைத்தேன். விற்பனைப் பிரிவு என்மேல் பாய்ந்தது, அது என் தலைவலி, அந்தத் தலைவலிக்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தத் தங்கச்சியின் டீம் அந்த மாதம் எத்தனை பாயிண்ட் முடித்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் இரட்டைப் பதிவுக்கு வருவோம். மூன்று தடவை தள்ளிப் போட்டதற்கு நல்ல காரணம்கூட இருக்கலாம், எனக்குத் தெரிந்த வரையில் இப்படி ஒரு பிரச்சினையைச் சரிசெய்ய, பதிவு கைப்பேசியில் உருவாகும்போதே அதற்கு ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் தள்ளிவிடும்படி செய்ய வேண்டும், செயலி பக்கமும் சர்வர் பக்கமும் சேர்ந்து மாற வேண்டும், பழைய பதிப்பை வைத்திருக்கும் கைப்பேசிகளை என்ன செய்வது என்றும் பார்க்க வேண்டும். பெரிய வேலைதான், ஒரே ஸ்பிரிண்டில் 34 பாயிண்ட் என்ற எண்ணைக் கெடுத்துவிடும் வேலை. அதனால்தான் டார்க் மோட் உள்ளே வந்தது, இது வெளியே போனது என்று நான் சந்தேகப்படுகிறேன். எண்ணைக் காப்பாற்ற ஆரம்பித்தால் டீம் எப்போதும் சுலபமானதைத்தான் எடுக்கும். அதில் டீமைக் குறை சொல்ல மாட்டேன், லீட் எதைக் கொண்டாடுகிறாரோ அதைத்தான் ஆட்கள் செய்வார்கள். (அப்புறம் ஒன்று கேட்கிறேன், சுள்ளென்று வெயில் அடிக்கும் தோட்டச் சாலையில் நிற்கும் மண்டோருக்கு டார்க் மோட் யார் கேட்டது? வெயிலில் கறுப்புத் திரையில் முகம்தான் தெரியும்.)

அடுத்த ரிவியூவுக்கு ஸ்லைடு வேண்டாம். ரிவியூ என்பது கூடி உட்கார்ந்து வேலை பார்க்கும் கூட்டம், அதை வெறும் விளக்கக் காட்சியாகச் சுருக்கிவிடாதீர்கள் என்று ஸ்க்ரம் வழிகாட்டியே சொல்கிறது. ஒரு பழைய, விலை மலிந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியை அவர் கையில் கொடுங்கள், ஏரோபிளேன் மோடில் போடச் சொல்லுங்கள், 62 குலை போட்டு இரண்டு தடவை, மூன்று தடவை, கோபத்தோடு நாலு தடவை அழுத்தச் சொல்லுங்கள். பிறகு லைனைத் திறந்துவிட்டு ஆபீஸ் திரையில் 62 மட்டும் வருகிறதா என்று அவரே பார்க்கட்டும். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்றால் பாதியையே காட்டுங்கள், எங்கே இன்னும் உடைகிறது என்பதையும் காட்டுங்கள். முடிந்தால் தோட்டத்திலிருந்து ஒரு கிராணியையும் ஒரு மண்டோரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், சாப்பாடு கம்பெனி செலவில்.

இந்த விஷயத்தில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, நீங்கள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. கோலாலம்பூரில் இருபதாவது மாடியில் உட்கார்ந்து தோட்டத்து மென்பொருள் எழுதுகிற டீமுக்குப் பயனாளரைப் பார்க்க அனுமதிக் கடிதம், கார், ஒரு நாள் லீவு எல்லாம் வேண்டும். நீங்கள் கடைவீட்டு மாடியை விட்டு இறங்கினால் எதிர்க் கோப்பிக் கடையில் ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவராவது உட்கார்ந்திருப்பார். உங்கள் டீமில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் எண்ணும் கூட்டத்துக்கு) போங்கள், பிராடக்ட் ஓனரே அனுமதி வாங்கித் தருவார், கேட்டுப் பாருங்கள், அவருக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இருக்காது. ஆள் எண்ணி வேலை பிரிப்பதை, குலைகளைச் சாலையோரம் அடுக்குவதை, மண்டோர் ஒரு கையில் குறிப்புப் புத்தகமும் இன்னொரு கையில் கைப்பேசியுமாக நிற்பதை உங்கள் டெவலப்பர்கள் கண்ணால் பார்க்கட்டும். அவர் இன்னும் புத்தகத்தை விடவில்லை என்றால், செயலியை நம்பவில்லை என்று அர்த்தம், அதை எந்த டிக்கெட்டும் உங்களுக்குச் சொல்லாது.

நாம் மனசில் வைத்திருக்கும் தோட்டம் பாட்டன் காலத்துத் தோட்டம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். இன்று பெரும்பாலான இடங்களில் குலை வெட்டுவது இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் பக்கம் அந்த ஆளுக்குப் புரிகிற மொழியில் இருக்கிறதா என்று டீமில் ஒருவர் கேட்டிருந்தால் உங்கள் பிராடக்ட் ஓனர் அன்றைக்கு எழுந்து போயிருக்க மாட்டார், மதியம் வரை பேசியிருப்பார்.

இன்னொன்று. கடிதத்தில் ஓரிடத்திலும் உங்கள் டெவலப்பர்கள் அவரோடு நேரடியாகப் பேசியதாக வரவில்லை. எல்லாம் உங்கள் வழியாகத்தான் போகிறது போல. டீமைத் தொந்தரவிலிருந்து காப்பாற்றுகிறோம் என்ற நல்ல எண்ணத்தில்தான் நிறைய லீடுகள் இதைச் செய்கிறார்கள், ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் கதவு சாத்திய மாதிரி இருக்கும். ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பில், அதுவரை தனியாக இருந்த டெவலப்மென்ட் டீம் என்பதையே எடுத்துவிட்டு, பிராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள் எல்லோரும் ஒரே டீம் என்று மாற்றியதே இந்த "நாங்கள், நீங்கள்" பிரிவினையை ஒழிக்கத்தான். சின்னக் கேள்வி வந்தால் டெவலப்பரே அவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பட்டும். "அண்ணே, மழை பெய்து பாதியில் வேலை நின்றால் அந்த நாளை எப்படிப் போடுவீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டால் முப்பது வருஷ அனுபவம் பத்து நிமிஷத்தில் கொட்டும், அதை நீங்கள் டிக்கெட்டில் எழுதி வாங்க ஒரு வாரம் ஆகும்.

அவர் பக்கமே முழுக்கப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். லீட் பத்தல என்பதை உங்களிடம் சொல்லாமல் மேனேஜரிடம் போய்ச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை, மூன்றாவது முறை தள்ளிப்போகும்போது அவரும் அமைதியாக இருந்திருக்கக் கூடாது. பேக்லாக்கை (செய்ய வேண்டிய வேலைப் பட்டியலை) வரிசைப்படுத்துவது அவர் பொறுப்பு, வரிசையில் இரட்டைப் பதிவு மேலே இருந்ததா, கீழே இருந்ததா, அல்லது எல்லாமே அவசரம் என்று எல்லாவற்றுக்கும் சிவப்பு அடித்து வைத்திருந்தாரா? தோட்ட ஆபீசில் மேலே இருப்பவர் சொன்னால் கீழே செய்வார்கள், வரிசைப்படுத்திப் பழக்கம் இருந்திருக்காது. அங்கே நீங்கள் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். "அண்ணே, ரெண்டும் வேணும்னு தெரியும், இந்த ரெண்டு வாரத்துல ஒண்ணுதான் உருப்படியா வரும், எது முதல்ல?" என்று கேளுங்கள். எத்தனை பெரிய வேலை என்று அளவு சொல்வது வேலை செய்கிறவர்களின் உரிமை, அதில் அவர் கைவைத்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். எது முதலில் என்பது அவர் உரிமை, அதில் நீங்கள் டார்க் மோடை நுழைக்காதீர்கள். எதிர்த்துப் பேசுகிற லீடைப் பிராடக்ட் ஓனர்களுக்குப் பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, நான் பார்த்த வரையில் காரணத்தோடு முடியாது என்கிறவரைத்தான் நாங்கள் நம்புகிறோம், எல்லாவற்றுக்கும் சரி என்கிறவரிடம் தேதி கேட்கவே பயமாக இருக்கும்.

அதே மாதிரி, பழைய கோடைச் சுத்தம் பண்ண நேரம் வேண்டும் என்றால் ரீஃபாக்டரிங் என்று சொல்லிக் கேட்காதீர்கள், கிராணிக்கு அது ஒன்றும் சொல்லாது. "இதைச் சரி பண்ணாவிட்டால் புதுத் தோட்டம் ஒன்றைச் சேர்க்க ஒவ்வொரு தடவையும் மூன்று வாரம், பண்ணினால் மூன்று நாள்" என்று சொல்லுங்கள், அவரே மேனேஜரிடம் சண்டை போட்டு நேரம் வாங்கித் தருவார்.

இந்த வாரமே அவரைத் தனியாகப் பசியாற அழைத்துப் போங்கள், ஆபீசில் வேண்டாம். மேனேஜரிடம் சொன்னது காதில் விழுந்தது என்பதை இழுக்காமல், இரட்டைப் பதிவால் எந்தெந்தத் தோட்டத்தில் போன மாதம் கையால் கணக்குத் திருத்தினார்கள் என்று கேளுங்கள். நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள், நிறைய எழுத வேண்டியிருக்கும். திங்கட்கிழமை பிளானிங்கில் அதுதான் முதல் வேலை, பாயிண்ட் 34-லிருந்து 20-க்கு இறங்கினால் இறங்கட்டும், ஏன் இறங்கியது என்று மேனேஜர் கேட்டால் பதில் சொல்ல இந்தத் தடவை அவரும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

சான்றிதழ் கேட்டீர்கள். உங்கள் கம்பெனி எச்ஆர்டி கோர்ப்பில் (மனிதவள மேம்பாட்டுக் கழகத்தில்) ஊழியர் பயிற்சிக்கான லெவி கட்டுகிறது என்றால் அந்த நிதியில் அனுப்பச் சொல்லிப் போய்வாருங்கள், இரண்டு நாள் வேறு டீம்களோடு உட்கார்ந்து பேசக் கிடைக்கும், அதுவே பிரயோஜனம். சொந்தக் காசைப் போடாதீர்கள், அவர் அதைக் கேட்கவில்லை.